வினா எண் எழுபத்து மூன்று

ஏழெட்டு வரிப் பத்தி. ஏதோ ஒரு மலையூர்,
பெயர் போடவில்லை.
நான் கட்டபெட்டு என்றே வைத்துக்கொண்டேன்.
மழை. நிழற்குடையில் ஒருத்தி நிற்கிறாள்.
நான்கு மணி வண்டி வரவில்லை.
டீக்கடைக்காரர் பலகையை இழுத்துச் சாத்துகிறார்.
ஐந்தேகாலுக்கு வண்டி வருகிறது.
யாரும் இறங்கவில்லை. அவள் ஏறவும் இல்லை.
கையில் இரண்டு குடை.
ஒன்றை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள்.

கீழே தடித்த எழுத்தில்:
இப்பத்தியின் மையக்கருத்து யாது?

(அ) மலைப்பாதைப் பேருந்துகள் தாமதமாக வருகின்றன
(ஆ) மழையால் சிறுவணிகம் பாதிக்கப்படுகிறது
(இ) முன்னெச்சரிக்கை நன்மை தரும்
(ஈ) நடைப்பயிற்சி உடலுக்கு நல்லது
ஐந்தாவதாக எப்போதும் இருக்கும் அந்த வட்டம்:
விடை தெரியவில்லை.

இருநூறு கேள்வி, மூன்று மணி நேரம்.
ஒன்றுக்கு ஐம்பத்து நான்கு நொடி.
குன்னூர்ப் பள்ளியின் பெஞ்சு ஈரமாக இருந்தது.
யாரோ காம்பஸால் தோண்டிய இதயத்தில்
என் விடைத்தாளின் ஓரம் மாட்டிக்கொண்டது.

வழிகாட்டி நூல் சொல்லும்:
மிகச் சிறியதை அடி. மிகப் பெரியதை அடி.
பத்தியில் இல்லாததை அடி. மிஞ்சுவதே விடை.
இரண்டு இலை ஒரு மொட்டு போலக்
கருத்தை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டுமாம்.
எழுதியவர் கீழ்நாட்டுக்காரராக இருக்க வேண்டும்.
இங்கே யார் கிள்ளுகிறார்கள்?
கத்தரியால் வெட்டுகிறோம், முற்றலும் தண்டும் சேர.
சாக்கின் எடைக்குத்தான் காசு.

அந்த நூலை நானும் பிரமிளாவும்
பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கினோம்.
இரவு ஷிப்டில், வாட்டும் தொட்டியின் வெதுவெதுப்பில்,
இலையைப் புரட்டிவிட்டு வந்து பக்கத்தைப் புரட்டுவோம்.
அவள் என்னைவிடக் கெட்டி.
மேனேஜர் இரண்டு பக்கத்துக்குச் சுற்றறிக்கை ஒட்டினால்
தூரத்திலிருந்தே சொல்வாள்:
“இந்த மாசமும் சம்பளம் லேட்.”
பெண் பார்க்க வந்தவர்கள்
ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார்கள்.
கேரட் விலை, கோயம்புத்தூர் வெயில், மாடிவீடு, நாய்.
மறுநாள் அதைச் சிரித்துக்கொண்டே சுருக்கினாள்:
“பரீட்சை எழுதக் கூடாதாம்.”
நானும் சிரித்தேன்.
அது தலைப்பா துணைக்கருத்தா என்றுகூடக் கேட்டேன்.

ஒரே கடையில், ஒரே மதியம், அடுத்தடுத்து விண்ணப்பித்தோம்.
அதனாலோ என்னவோ எனக்குப் பின்னிருக்கை அவளுக்கு.
பத்து மணிக்கு அறைக் கண்காணிப்பாளர்
அந்த எண்ணை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச்
சிவப்பு மையில் ஏதோ எழுதினார்.

எழுபத்து மூன்றில் எனக்கு
நொடிகள் தீர்ந்துகொண்டிருந்தன.
இரண்டாவது குடை யாருக்கு?
நான்கு விடையில் ஒன்றிலும் அவர் இல்லை.
பத்தியிலும் இல்லை.
இல்லாததை அடி என்கிறது நூல்.
ஐந்தாவது வட்டத்தின் மேல் பேனா முனை
கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு (இ)-யைக் கறுப்பாக்கினேன்,
வெள்ளை தெரியாமல், கோட்டைத் தாண்டாமல்.

விடைக்குறிப்பு வந்தது. (இ) சரி.
ஒன்றரை மதிப்பெண்.
ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள்
ஆதாரத்துடன் தெரிவிக்கலாம் என்று போட்டிருந்தது.
ஆறாவது நாள் வரை யோசித்தேன்.
சரியாக எழுதிய விடைக்கு ஆட்சேபம் சொல்ல
எந்தப் பாடநூலின் எந்தப் பக்கத்தைக் காட்டுவது?

அன்று வெளியே வந்தபோது நல்ல மழை.
ரயில் பாதை ஓரமாகப் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.
பையில் ஒரு குடைதான். சத்தியமாக ஒன்றுதான்.
பேனா மட்டும் இரண்டு இருந்தது,
கறுப்புப் பந்துமுனை, ஒன்றின் மூடியைத் திறக்கவே இல்லை.
அதில் என்ன இருக்கிறது,
எல்லாரும்தான் இரண்டு கொண்டுபோவார்கள்.